எஃப்-150 வண்டியில் ஸ்பார்க் ப்ளக் உடையாமல் கழற்ற முடியுமா?

"2006 ஃபோர்டு எஃப்-150, 5.4 லிட்டர் வி8. 1,10,000 மைல் ஓடியிருக்கிறது, ப்ளக் ஒருமுறைகூட மாற்றியதில்லை. செக் இன்ஜின் விளக்கு எரிகிறது, பி0304 என்ற பிழைக்குறியீடு காட்டுகிறது. ப்ளக்கை வீட்டிலேயே மாற்றலாமா? இன்ஜின் சூடாக இருக்கும்போது கழற்றினால் சுலபமாக வரும் என்கிறார்களே, உண்மையா?" என்று டெக்சஸிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். மேலே தெரிவது ப்ளக் மாற்றும் கேள்வி. உள்ளே இருப்பது பயம்: இந்த இன்ஜினில் ப்ளக் பாதியில் உடையும் என்று எங்கோ படித்துவிட்டீர்கள், கை வைத்து மாட்டிக்கொண்டால் வண்டியின் கதி என்ன என்று தெரிய வேண்டும். பயத்துக்குக் காரணம் இருக்கிறது. ஆனாலும் வீட்டில் செய்யக்கூடிய வேலைதான். நிபந்தனை மூன்று: உடைந்த துண்டை இழுக்கும் கருவி ஆரம்பிக்கும் முன்பே கையில் இருக்க வேண்டும், ஒரு முழு நாள் ஒதுக்க வேண்டும், மறுநாள் காலையில் அதே வண்டியில் வேலைக்குப் போக வேண்டிய கட்டாயம் இருக்கக் கூடாது. (ஊரில் இருந்து படிப்பவர்களுக்கு: அமெரிக்காவில் ட்ரக் என்று இவர்கள் சொல்வது லாரி அல்ல, பின்னால் திறந்த தொட்டி வைத்த பிக்கப். பெட்ரோல் இன்ஜின் என்பதால்தான் ஸ்பார்க் ப்ளக் பேச்சே வருகிறது.)

ஏன் உடைகிறது என்பதை முதலில் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். சாதாரண ப்ளக்கில் மரை முடிகிற இடத்திலேயே உலோக உடம்பும் ஏறக்குறைய முடிந்துவிடும். 2004 முதல் 2008 வரையிலான சிலிண்டருக்கு மூன்று வால்வு வைத்த இந்த ட்ரைட்டன் இன்ஜினில் அப்படியில்லை. மரைக்குக் கீழே இன்னும் ஒரு நீண்ட மெல்லிய உலோகக் குழாய் ஹெட்டுக்குள் (சிலிண்டர்களை மேலே மூடியிருக்கும் அலுமினியப் பகுதி) இறங்கிப் போகிறது, அதன் நுனியில்தான் பொறி பாய்கிறது. இந்தக் குழாயும் மேலே சாக்கெட் பிடிக்கிற பகுதியும் ஒரே துண்டாகக் கடைந்தவை அல்ல. தனித்தனியாகச் செய்து, ஒன்றுக்குள் ஒன்றை நெருக்கிப் பிணைத்திருக்கிறார்கள். குழாய்க்கும் ஹெட்டின் துளைச் சுவருக்கும் நடுவே நூலிழை இடைவெளி உண்டு. லட்சம் மைல் ஓட்டத்தில் அந்த இடைவெளி முழுக்கக் கார்பன் ஏறிக் கல்லாகிவிடுகிறது. நீங்கள் மேலே ராட்செட்டைத் திருப்பும்போது மரை கழல்கிறது, கீழே குழாய் கார்பனில் சிக்கி நிற்கிறது. பிணைப்பு எவ்வளவு முறுக்கு தாங்குமோ அவ்வளவு தாங்கிவிட்டு விட்டுவிடுகிறது. மேல்பாதி கையோடு வரும், கீழ்ப்பாதி ஹெட்டுக்குள் தங்கும். ஆகவே உங்கள் எதிரி துருவும் அல்ல, இறுகிய மரையும் அல்ல, கார்பன். பலத்தைக் கூட்டினால் உடையும். கார்பனை ஊறவைத்தால் வரும்.

இதே இன்ஜினின் முந்தைய இரண்டு வால்வு வடிவத்தோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. 1997 முதல் 2003 வரையிலான எஃப்-150-இல் வந்த அந்த 5.4-இன் நோய் நேர் எதிரானது. அங்கே ப்ளக்கைப் பிடித்திருப்பது ஏறக்குறைய நான்கு மரைதான். ஓடிக்கொண்டிருக்கும்போதே ப்ளக் மரையைப் பிய்த்துக்கொண்டு காயிலோடு (ப்ளக்கின் தலையில் உட்கார்ந்து அதற்கு மின்சாரம் தரும் பாகம்) மேலே பறக்கும். அந்த இன்ஜினுக்குச் சொன்ன அறிவுரையையும் டார்க் (இறுக்கும் முறுக்கு) அளவையும் இதற்குப் போடுகிறவர்கள் உண்டு, அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். 2008 மாடலில் பிற்பகுதியில் வந்த வண்டிகளில் ஹெட்டே மாறிவிட்டது, அவற்றின் ப்ளக்கும் வேறு. உங்களுடையது 2006 என்பதால் சந்தேகமே இல்லை, சிக்கலான வகைதான்.

ப்ளக்கைத் தொடும் முன் பி0304-ஐக் கொஞ்சம் விசாரியுங்கள். அதன் பொருள் நான்காம் சிலிண்டரில் மிஸ்ஃபயர், அதாவது பெட்ரோல் சரியாக எரியவில்லை. ஃபோர்டின் கணக்கில் பயணி பக்கம் முன்னாலிருந்து பின்னால் 1, 2, 3, 4. ஓட்டுநர் பக்கம் அதேபோல 5, 6, 7, 8. உங்கள் அதிர்ஷ்டம், நான்கு என்பது பயணி பக்கத்துக் கடைசி, முன்கண்ணாடிக்குக் கீழே தகரம் மூடியிருக்கிற மூலை. அந்தக் காயிலைக் கழற்றி ஒன்றாம் சிலிண்டரில் போட்டு, ஒன்றின் காயிலை நான்கில் போட்டு, பிழைக்குறியீட்டை அழித்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். பி0301 என்று மாறினால் குற்றவாளி காயில். நான்கிலேயே நின்றால் ப்ளக், அல்லது காயிலின் ரப்பர் பூட் (ப்ளக்கின் மேல் செருகும் உறை), அல்லது பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர். காயிலைத் தூக்கும்போது ப்ளக் உட்கார்ந்திருக்கும் குழிக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். தண்ணீரோ பச்சை பூத்த படிவோ தெரிந்தால், மழைநீர் அங்கே வடிகிறது. அதை அடைக்காமல் புது ப்ளக் போட்டாலும் அதே பிழைக்குறியீடு திரும்பி வரும். காயில்தான் கெட்டது என்று தெரிந்தாலும் 1,10,000 மைலுக்கு ப்ளக் மாற்றியே ஆக வேண்டும். ஃபோர்டு எழுதிய கெடுவே 1,00,000 மைல்தான். இந்த இன்ஜினுக்கு அந்தக் கெடு அதிகம், 60,000-இலேயே ஒருமுறை வெளியே எடுத்துவிட்டால் கார்பனுக்குக் கல்லாக நேரம் கிடைக்காது என்பது என் கருத்து.

சாமான்கள்: 3/8 அங்குல ராட்செட், 9/16 அங்குல ஆழமான ப்ளக் சாக்கெட், காயில் போல்ட்டுக்கு 7 மி.மீ. சாக்கெட், 3 அங்குலத்திலும் 6 அங்குலத்திலும் எக்ஸ்டென்ஷன்கள், டார்க் ரெஞ்ச், காற்று அடிக்க ஒரு வழி, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, நைட்ரைல் கையுறை. இம்பாக்ட் கன்னை எடுத்து அலமாரியில் வைத்துப் பூட்டுங்கள். எட்டு புது ப்ளக், மோட்டார்கிராஃப்ட் (ஃபோர்டின் உதிரிபாகப் பெயர்) கார்புரேட்டர் டியூன்-அப் கிளீனர், அதிக வெப்பம் தாங்கும் நிக்கல் ஆன்ட்டி-சீஸ் (இறுகி ஒட்டாமல் தடுக்கும் பேஸ்ட்), டைஎலக்ட்ரிக் கிரீஸ் (மின்சாரம் கடத்தாத கிரீஸ்). இவற்றோடு லைல் 65600 என்ற உடைந்த ப்ளக் இழுப்பான். அமெரிக்க உதிரிபாகக் கடைகள் பலவற்றில் முன்பணம் கட்டிக் கருவி இரவல் வாங்கலாம், இதையும் அப்படிக் கேட்டுப் பாருங்கள்.

இடம் குறுகல் என்பதற்கு மாயமருந்து எதுவும் இல்லை, வசதி செய்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான். காற்று உள்ளே போகும் பெரிய குழாயைக் கழற்றினால் முன் சிலிண்டர்கள் திறந்துவிடும். த்ராட்டில் வாயைச் சுத்தமான துணியால் அடையுங்கள், கழற்றிய 7 மி.மீ. போல்ட் ஒன்று அதற்குள் விழுந்தால் நாள் வீண். 4-க்கும் 8-க்கும் தரையில் நின்று கை எட்டாது. முன்பக்கம் ஒரு ஸ்டூல் போட்டு, ரேடியேட்டர் மேல்சட்டத்தில் பழைய ஃபோம் மெத்தையை மடித்துப் போட்டு, அதன்மேல் நெஞ்சை வைத்துப் படுத்துதான் செய்ய வேண்டும். அங்கே சாக்கெட்டையும் எக்ஸ்டென்ஷனையும் ஒரே நீளமாகக் கோத்து நுழைக்கப் பார்த்தால் மேலே தகரத்தில் இடிக்கும். சாக்கெட்டோடு 3 அங்குலத் துண்டை முதலில் குழிக்குள் இறக்கி, அதன் தலையில் அடுத்த துண்டை மாட்டி, கடைசியில் ராட்செட்டை மாட்டுங்கள். மூட்டு வைத்த சாக்கெட்டைக் குழியின் அடியில் போட வேண்டாம். சாய்வாக விழுகிற விசை திருப்பாமல் வளைக்கும், பீங்கானும் பிணைப்பும் வளைவைத் தாங்காது. மூட்டு தேவைப்பட்டால் குழிக்கு மேலே, ராட்செட் பக்கம் இருக்கட்டும்.

காயில்களில் அவசரம் வேண்டாம். பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டு ஆரம்பியுங்கள். இருபது வயது பிளாஸ்டிக் கனெக்டர் வெப்பத்தில் முறுக்காகி அப்பளம் போல் நொறுங்கும். பூட்டுநாக்கை அழுத்தும் முன் கனெக்டரை ஒருமுறை காயில் பக்கமாக உள்ளே தள்ளுங்கள், பிடி தளரும், பிறகு அழுத்தி இழுங்கள். போல்ட்டை எடுத்ததும் காயிலை மேலே இழுக்காமல் இடமும் வலமுமாகத் திருகுங்கள். பூட் ப்ளக்கின் பீங்கானோடு ஒட்டியிருக்கும், திருகினால் ஒட்டு விடும். கிழிந்தால் பூட்டும் உள்ளே இருக்கும் ஸ்பிரிங்கும் தனியாகக் கிடைக்கும். காயிலில் சிலிண்டர் எண்ணை எழுதிவிடுங்கள். பிறகு எட்டுக் குழியிலும் காற்று அடித்து மணலையும் தூசியையும் வெளியேற்றுங்கள். இதை விட்டுவிட்டு ப்ளக்கைத் தளர்த்தினால் அவ்வளவும் சிலிண்டருக்குள் போகும்.

இனிதான் முக்கியமான கட்டம். ஃபோர்டு 2008-இல் தன் பணிமனைகளுக்கு அனுப்பிய 08-7-6 எண் கொண்ட சேவைக் குறிப்பு சொல்லும் முறைதான் இன்றும் நம்பத்தகுந்தது. இன்ஜின் முழுக்க ஆறியிருக்க வேண்டும், முந்தின இரவு நிறுத்திய வண்டி என்றால் நல்லது. ஒவ்வொரு ப்ளக்கையும் அரைக்கால் சுற்று, மிஞ்சினால் கால் சுற்று மட்டும் தளர்த்துங்கள். அதோடு நிறுத்துங்கள். ப்ளக்கின் இருக்கை ஹெட்டிலிருந்து ஒரு மயிரிழை எழும்பியிருக்கும், திரவம் இறங்க அந்த வழி போதும். குழிக்குள் அரை முதல் முக்கால் தேக்கரண்டி கிளீனர் விடுங்கள். சாக்கெட் பிடிக்கிற அறுகோணத்துக்குச் சற்று மேலே நிற்க வேண்டும், அவ்வளவுதான் அளவு. கேனிலிருந்து நேராக அடித்தால் அளவு தெரியாது, சிறு சிரிஞ்சில் எடுத்து விடுங்கள். குறைந்தது 15 நிமிடம் காத்திருங்கள். அந்த நேரத்தில் ப்ளக்கை ஆட்டவே கூடாது. கார்பன் இன்னும் இளகாத நிலையில் ஆட்டினால் பிணைப்புக்குத்தான் சேதம்.

ஊறியபின் முதலில் இறுக்குங்கள், பிறகு தளர்த்துங்கள். கொஞ்சம் அதிகமாகத் தளர்த்தி, மறுபடி இறுக்குங்கள். இப்படி முன்னும் பின்னுமாக. கிரீச்சென்று காதைக் கூசும் சத்தம் வரும். அது கெட்ட சகுனம் அல்ல, குழாய் கார்பனைச் சுரண்டிக்கொண்டு மேலேறுகிறது என்று பொருள். 45 நியூட்டன் மீட்டர் அளவுக்கு எதிர்ப்பு இருப்பது சாதாரணம். கை கனம் கூடக்கூட நிறுத்தி, மறுபடி உள்ளே திருப்பி, சில துளி கிளீனர் விட்டு, இன்னொரு கால் மணி நேரம் விடுங்கள். பயப்பட வேண்டிய அறிகுறி ஒன்றுதான்: இறுக்கமாக இருந்தது சட்டென்று எந்த எதிர்ப்பும் இல்லாமல் சுழல்வது. அப்போது உடைந்திருக்கக்கூடும். ஒவ்வொன்றையும் எடுத்ததும் புது ப்ளக்கைப் பக்கத்தில் வைத்து நீளம் பாருங்கள். நுனியில் வளைந்த எலக்ட்ரோடு வரை முழுசாக இருந்தால் தப்பித்தீர்கள்.

கிளீனரை ஏன் இப்படிக் கஞ்சத்தனமாக விடச் சொல்கிறேன் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. 5.4 லிட்டரை எட்டால் வகுத்தால் ஒரு சிலிண்டருக்கு ஏறக்குறைய 675 சிசி. அழுத்த விகிதம் 9.8-க்கு 1. அப்படியானால் பிஸ்டன் உச்சிக்கு வரும்போது மேலே மிஞ்சுகிற இடம் 77 சிசி-க்கும் குறைவு. நான்கு மில்லி கிளீனர் அதில் ஒன்றும் செய்யாது. வராத ப்ளக்கின் மேல் எரிச்சலில் கால் கேனைக் கவிழ்த்தால், அது உள்ளே இறங்கி அந்த இடத்தை நிரப்பும். திரவத்தை அமுக்க முடியாது. ஸ்டார்ட் செய்கிற நொடியில் கனெக்டிங் ராடு வளையும்.

சூடாகக் கழற்றுவது பற்றிக் கேட்டீர்கள். இதில் உறுதியானது எது, வாதத்துக்குரியது எது என்று பிரித்துச் சொல்கிறேன். அலுமினியம் எஃகைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும் என்பது உறுதி. ஆகவே சூடான ஹெட்டில் மரைப்பிடி கொஞ்சம் தளரும், அதுவும் உண்மை. ஆனால் சூடான அலுமினியத்தின் மரை எளிதில் பிய்ந்து ப்ளக்கோடு வரும் என்பதும் அதே அளவுக்கு உண்மை. இங்கே தடை மரையில் இல்லை, கீழே கார்பனில். அதோடு கார்புரேட்டர் கிளீனர் சட்டென்று தீப்பிடிக்கும் சரக்கு, அதைச் சூடான இன்ஜினில் ஊற்றுவது விளையாட்டல்ல. ஃபோர்டு அறை வெப்பத்துக்கு ஆறவிடச் சொல்கிறது. இளஞ்சூட்டில் வேகமாகத் திருப்பினால் எட்டும் முழுசாக வந்தன என்று சொல்லும் அனுபவமுள்ள மெக்கானிக்குகளும் இருக்கிறார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் அவர்களிடம் இழுப்பானும், உடைந்தால் எடுத்துப் பழகிய கையும் இருக்கிறது. முதல்முறை செய்கிற உங்களுக்கு ஆறிய இன்ஜின்தான் என் பதில். இரவு முழுக்க ஊறவைப்பது, வேறு துரு இளக்கிகளைப் பயன்படுத்துவது, சில டேங்க் முன்பிருந்தே பெட்ரோலில் கார்பன் கிளீனர் கலப்பது ஆகியவையும் வாதத்துக்குரியவையே. அதிக நேரம் ஊறுவதால் கெடுதி இல்லை. பெட்ரோலில் கலப்பது எரிப்பறையைக் கழுவும், குழாயைச் சுற்றிய அந்த மூடிய சந்துக்குள் எவ்வளவு போகும் என்பது சந்தேகம். அதை மட்டும் நம்பி ஊறவைக்கும் வேலையைத் தவிர்க்காதீர்கள்.

எல்லாம் சரியாகச் செய்தும் ஒன்றிரண்டு உடையலாம். உடைந்தால் முதல் விதி: ஸ்டார்ட்டரைத் தொடாதீர்கள், குழிக்குள் காற்று அடிக்காதீர்கள். பீங்கான் சில் வால்வு இருக்கைக்குப் போய்விடும். டார்ச் அடித்து என்ன மிஞ்சியிருக்கிறது என்று பாருங்கள். பீங்கான் முழுக்க மேல்பாதியோடு வந்துவிட்டு, உள்ளே வெறும் குழாய் மட்டும் நின்றால் வேலை பாதி முடிந்தது. நேராக இழுப்பானுக்குப் போகலாம். குழாய்க்குள் பீங்கானும் சிக்கியிருந்தால், லைல் பெட்டியில் உள்ள தள்ளுகருவியை ப்ளக்கின் மரையிலேயே திருகி இறக்க வேண்டும். அது பீங்கானைக் குழாய்க்குள்ளேயே கொஞ்சம் கீழே தள்ளி, மேலே இழுப்பானுக்குப் பிடி கிடைக்க இடம் செய்யும். இங்கேதான் பலர் கெடுக்கிறார்கள். ஆழமாகத் தள்ளினால் பீங்கான் அடியிலுள்ள வளைந்த எலக்ட்ரோடில் மோதி அதைப் பிய்த்துக்கொண்டு சிலிண்டருக்குள் விழும். கருவியோடு வரும் தாளில் சொன்ன ஆழத்தோடு நிறுத்துங்கள். பிறகு இழுப்பானின் நுனியில் கிரீஸ் தடவி (வெட்டுகிற உலோகத்தூள் கிரீஸில் ஒட்டிக்கொள்ளும்) குழாய்க்குள் திருகுங்கள். அது தனக்குத்தானே மரை வெட்டிக்கொண்டு இறங்கும். நன்றாகக் கவ்வியதும் மேலே உள்ள நட்டைத் திருப்பத் திருப்பக் குழாய் நேராக மேலே ஏறும். சுத்தி, சாய்த்து நெம்புவது எதுவும் வேண்டாம். கார்பன் பிடி கடினமாக இருந்தால் இங்கும் கொஞ்சம் கிளீனர், கால் மணி நேரம்.

வெளியே வந்த துண்டுகளை ஒரு வெள்ளைத் துணியில் பரப்பி முழு ப்ளக்காகச் சேருகிறதா என்று பாருங்கள். ஒரு சில் குறைந்தாலும் அது உள்ளேதான். காந்தத்தில் பீங்கான் ஒட்டாது. வாக்குவம் கிளீனர் குழாயில் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் குழலை டேப்பால் ஒட்டி ப்ளக் துளை வழியே உறிஞ்சலாம், ஆனால் கிளீனர் ஆவி முழுக்கப் போகும் வரை காத்திருந்தபின். அந்த மோட்டாரின் பொறியே தீ வைக்கப் போதும். மெல்லிய போர்ஸ்கோப் கேமரா விட்டுப் பிஸ்டன் தலையைப் பார்க்காமல் மூடாதீர்கள். குழாய் இழுப்பானுக்கும் வராமல், மரை வெட்டிய இடமே கிழிந்துவிட்டால் அதற்கு மேல் எழுத்தில் வழிகாட்ட முடியாது. வண்டியை அங்கேயே நிறுத்தி, இந்த இன்ஜினில் பழகிய ஒருவரை வீட்டுக்கு வரவழையுங்கள், இல்லையேல் இழுவை வண்டியில் அனுப்புங்கள். ஓட்டிக்கொண்டு போகக் கூடாது.

புது ப்ளக் என்ன போடலாம்? மோட்டார்கிராஃப்டின் பழைய எஸ்பி-515-க்குப் பதிலாக எஸ்பி-546 வந்தது. ஒரே துண்டாகச் செய்ததுதான் வேண்டும் என்றால் சாம்பியன் 7989. அடுத்த முறை கழற்றப்போவதும் நீங்கள்தான் என்றால் ஒரே துண்டு நிம்மதி. கம்பெனி ப்ளக்கைப் போட்டாலும் தவறில்லை, ஆனால் நிக்கல் ஆன்ட்டி-சீஸ் பேஸ்ட் கட்டாயம். அதைத் தடவ வேண்டிய இடம் மரைக்குக் கீழே உள்ள நீண்ட குழாயின் வெளிச்சுவர், மெல்லிய படலமாக. நுனியிலும் எலக்ட்ரோடிலும் படக் கூடாது. மரையில் வேண்டாம். மரையில் வழுக்கல் இருந்தால் அதே டார்க் ரெஞ்ச் அளவில் ப்ளக் அதிகமாக இறுகிவிடும். இடைவெளி 1.0 முதல் 1.3 மி.மீ.-க்குள் இருக்கிறதா என்று கம்பி அளவியில் பாருங்கள், நாணய வடிவ அளவியைத் திணித்து மெல்லிய நடு எலக்ட்ரோடை உடைக்க வேண்டாம்.

மாட்டும்போது ப்ளக்கின் மேல் பீங்கானில் ஒரு அடி நீள ரப்பர் வாக்குவம் ஹோஸைச் செருகி, அதை விரலால் சுழற்றி ஆரம்பியுங்கள். குறுக்கு மரை ஏறினால் ரப்பர் வழுக்கி நின்றுவிடும். ராட்செட் அப்படிச் சொல்லாது, அலுமினியத்தைத் தின்றுகொண்டே போகும். கையால் உட்காரும்வரை போனபின் டார்க் ரெஞ்சில் 34 நியூட்டன் மீட்டர், அதாவது 25 பவுண்டு-அடி. பூட்டின் உள்விளிம்பில் டைஎலக்ட்ரிக் கிரீஸ் லேசாகத் தடவி, காயிலை அழுத்தி உட்கார்த்தி, 7 மி.மீ. போல்ட்டை மிதமாக இறுக்கினால் போதும்.

கிளீனர் எங்காவது அதிகமாகப் போயிருக்கும் என்ற சந்தேகம் இருந்தால், ப்ளக்குகளை மாட்டும் முன் பேட்டரியை இணைத்து, பெட்ரோல் பம்ப்பின் ரிலேயை உருவிவிட்டு, காயில் கனெக்டர்கள் தொங்கும் நிலையிலேயே, துளைகளின்மேல் துணி போட்டுச் சில விநாடி கிராங்க் செய்யுங்கள். திரவம் இருந்தால் துணியில் தெறிக்கும். உள்ளே துண்டு எதுவும் இல்லை என்று உறுதியான பிறகுதான் இதைச் செய்ய வேண்டும். முதல் ஸ்டார்ட்டில் ஓரிரு நிமிடம் புகையும் தடுமாற்றமும் இருக்கும், மிஞ்சிய கிளீனர் எரிகிறது. கழுவி இறங்கிய கார்பனும் கிளீனரும் ஆயிலில் கலந்திருக்கும் என்பதால் ஆயிலும் ஃபில்டரும் அந்த வாரமே மாற்றிவிடுங்கள். சூடானபின் ஐடிலில் டிக் டிக் என்று டீசல் போல ஒரு சத்தம் கேட்டால் அது ப்ளக் வேலையின் விளைவு அல்ல. இந்த இன்ஜினின் கேம் ஃபேசர்களில் (வால்வு திறக்கும் நேரத்தை மாற்றும் பாகங்கள்) அடிக்கடி வருகிற வேறு நோய், அதற்கு ஆயில் பிரஷரைத் தனியே அளக்க வேண்டும். பி0304-ஐ அழித்துவிட்டு ஐம்பது மைல் ஓட்டுங்கள். ப்ளக்கும் காயிலும் பூட்டும் சரியாக இருந்தும் நான்கிலேயே திரும்பி வந்தால், அடுத்துப் பார்க்க வேண்டியது அந்தச் சிலிண்டரின் இன்ஜெக்டரும் கம்ப்ரஷனும்.